ரோடு வருவதற்கு முன்பே ரோட்டைப் பார்ப்பது: நெடுஞ்சாலைத் திட்டங்களில் கணினிக் காட்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலை டிசைன் செய்கிறவர்கள், கல்லூரியில் சிவில் படிக்கிறவர்கள், "எங்க ஊர் வழியா பைபாஸ் வருதாமே" என்று கேள்விப்பட்டவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்து கிடக்கின்றன. உங்களுக்குத் தேவையில்லாததைத் தாண்டிப் போய்விடலாம்.

உதாரணங்களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அதிகம் வரும். கடலோரத்தில் நின்ற பழைய இரட்டை அடுக்கு மேம்பாலத்தை எடுத்துவிட்டு அங்கே சுரங்கச்சாலை போட்டார்கள். கணினிக் காட்சியால் என்ன சாதிக்கலாம், அது எங்கே சிக்கலில் மாட்டும் என்ற இரண்டும் அந்த ஒரே திட்டத்தில் தெரிகின்றன. டிசைன் கணக்கு வரும் இடங்களில் நம் ஊர் ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) அளவுகளையே எடுத்திருக்கிறேன்.

கணினிக் காட்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? அழகான ரெண்டரிங் படம்தானே?

அது ஒரு வகை மட்டும்தான். இப்போது இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து, அதில் வரப்போகும் பாலத்தைச் சரியான அளவில் பொருத்திக் காட்டுவது ஒரு வகை. பறவை பறப்பதுபோல மேலிருந்து காட்டும் வீடியோ இன்னொன்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ரோடு எப்படித் தெரியும் என்று காட்டுவது வேறு. சிக்னலில் வண்டிகள் எப்படித் தேங்கும் என்று காட்டும் போக்குவரத்து சிமுலேஷன், எந்த மாதம் எந்தத் தூண் எழும் என்று காட்டும் 4டி மாடல் ஆகியவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கவேண்டியது ஒரே 3டி டிசைன் மாடல். அது இல்லாமல் நேரடியாக வரைந்த படம் ஓவியர் கற்பனைதான். அதில் தப்பில்லை. ஆனால் "கற்பனைப் படம்" என்று மேலே எழுதிவிட வேண்டும்.

பிளான், புரொஃபைல், கிராஸ் செக்‌ஷன் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

பிளான் ரோட்டை மேலிருந்து காட்டும், புரொஃபைல் நீளவாக்கில் ஏற்ற இறக்கத்தைக் காட்டும், மூன்றாவது ரோட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும். பொதுமக்களில் பெரும்பாலோருக்கு அந்த மூன்றும் கோடுகள்தான். ஆனால் பொறியாளருக்கும் இது தேவை என்பதை நாம் சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை.

புரொஃபைலை எப்படி வரைகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நீளவாக்கில் 1:2500 என்றால் உயரவாக்கில் 1:250. அதாவது மேடு பள்ளத்தைப் பத்து மடங்கு இழுத்து வரைகிறோம். ரோட்டில் கண்ணுக்கே தெரியாத ஏற்றம் தாளில் மலைபோல நிற்கும். உண்மையிலேயே உறுத்தப்போகும் சின்னப் பள்ளமோ அந்தப் பெரிய வளைவுகளுக்கு நடுவில் சாதாரணமாகத் தெரியும். கிடை வளைவு (இடம் வலம் திரும்புவது) ஒரு தாளில், நிலை வளைவு (ஏறி இறங்குவது) இன்னொரு தாளில். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு என்ன ஆகும் என்பதை மனத்துக்குள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மேட்டின் உச்சியைத் தாண்டியதும் தொடங்கும் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளிலும் எல்லா அளவும் விதிப்படி இருக்கும். ஓட்டுநருக்கோ, ரோடு உச்சியில் முடிந்து வானம் தொடங்குவதுபோலத் தெரியும். அடுத்து இடமா வலமா என்பது ஏறி முடித்த பிறகுதான் தெரியவரும். ஓட்டுநர் பார்வையில் மாடலை ஒருமுறை ஓட்டினால் அரை நிமிடத்தில் இது பிடிபடும். நீண்ட நேர்ரோட்டில் நடுவே போடும் சின்ன சாக் வளைவும் (இறங்கி ஏறும் பள்ளம்) அப்படித்தான். தாளில் ஒன்றுமில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் ரோடு ஒடிந்து கிடப்பதுபோல இருக்கும்.

இதனால் டிசைனில் உருப்படியான மாற்றம் வருமா, அல்லது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதோடு சரியா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு வழிச்சாலை, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஐஆர்சி 73 சொல்லும் நிறுத்தப் பார்வைத் தூரம் (எதிரே கிடப்பதைக் கண்டு பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம்) 180 மீட்டர். ஓட்டுநர் கண் 1.2 மீட்டர் உயரத்தில், ரோட்டில் கிடக்கும் பொருள் 0.15 மீட்டர் உயரத்தில் என்று வைத்துத்தான் இதைச் சோதிக்க வேண்டும்.

வலப்பக்கம் திரும்பும் வளைவு, ஆரம் 900 மீட்டர். மீடியனை (ரோட்டின் நடுத்திட்டை) ஒட்டிய தடத்தில் போகிறவருக்கு 180 மீட்டர் தூரம் தெரிய, தடத்தின் நடுவிலிருந்து உள்பக்கமாக எவ்வளவு இடம் மறைப்பில்லாமல் இருக்க வேண்டும்? தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும்: 32,400 வகுத்தல் 7,200. நாலரை மீட்டர்.

இப்போது நம் ஹைவேயின் சென்டர் மீடியனைக் கண்முன் கொண்டுவாருங்கள். அரளி. எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமலிருக்கத்தான் அதை வைக்கிறார்கள், அதனால் கண் உயரத்துக்கு மேல் வளரத்தான் செய்யும். தடத்தின் நடுவிலிருந்து செடியின் ஓரம் 3 மீட்டர் என்றால், ஆரம் 1,350 மீட்டருக்குக் குறைந்த எந்த வளைவிலும் 180 மீட்டர் தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 360 மீட்டர் ஆரமே விதிப்படி போதும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிளானில் மீடியன் என்பது இரண்டு இணைகோடு. அதில் அரளி இல்லை. 3டி மாடலில் செடியை முழு உயரத்துக்கு வைத்து, கண்ணை 1.2 மீட்டரில் வைத்து ஓட்டினால்தான் மறைப்பு தெரியும். தீர்வு பெரிய செலவு இல்லை: அந்த வளைவில் மட்டும் குட்டையான செடி, அல்லது மீடியனைக் கொஞ்சம் அகலமாக்குவது. டிசைன் கட்டத்தில் இது ஒரு நாள் வேலை. ரோடு திறந்த பிறகு என்றால், யாராவது அடிபட்ட பிறகுதான் தெரியவரும்.

புதுமாதிரி சந்திப்புகளுக்கு இது உதவுமா?

அங்கேதான் ரொம்ப உதவும். டைவர்ஜிங் டயமண்ட் இன்டர்சேஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. ஹைவேயைக் குறுக்கே கடக்கும் ரோட்டில், இரண்டு சிக்னலுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் வண்டிகள் எதிர்ப்பக்கத்துக்கு மாறி ஓடும். இதனால் ஹைவேக்குத் திரும்புகிறவர்கள் எதிர்வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

படித்துப் பார்த்தால் புரிகிறதா? பலருக்குப் புரியாது. பிளானைக் காட்டினாலும் "தப்பான பக்கத்தில் ஓட்டச் சொல்கிறீர்களா" என்றுதான் கேட்பார்கள். அனிமேஷன் காட்டினால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். அமெரிக்காவில் இது முதன்முதலில் 2009 ஜூனில் மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அந்நாட்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், வர்ஜீனியாவில் உள்ள தன் ஆய்வுக்கூடத்தில் சாதாரண ஓட்டுநர்களை வரவழைத்து, சிமுலேட்டரில் இந்த வடிவத்தை ஓட்டவைத்துப் பார்த்திருந்தது. எங்கே குழம்புகிறார்கள், எந்தப் பலகை கண்ணில் படவில்லை என்பதையெல்லாம் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளும் வழி இது.

சியாட்டிலில் என்னதான் நடந்தது?

அலாஸ்கன் வே வயடக்ட் 1953ல் திறக்கப்பட்ட இரண்டடுக்கு கான்கிரீட் மேம்பாலம். நகர மையத்துக்கும் எலியட் பே கடற்கரைக்கும் நடுவே சுவர்போல நின்றது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் வண்டிகள் ஓடின. கீழே நடப்பவர்களுக்கு இரைச்சலும் இருட்டும், மேலே ஓட்டுகிறவர்களுக்குக் கடலும் மலையும் தெரியும் அருமையான காட்சி.

1989ல் கலிஃபோர்னியாவின் லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தில், ஓக்லண்டில் இதே மாதிரியான இரண்டடுக்கு சைப்ரஸ் மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தார்கள். 2001 பிப்ரவரி 28ல் சியாட்டில் பக்கமே 6.8 அளவில் நில்குவாலி நிலநடுக்கம் வந்தது. வயடக்ட் விழவில்லை, ஆனால் அடிபட்டது. எடுத்தாக வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்பதில்தான் சண்டை: புது மேம்பாலமா, சுரங்கமா, தரைச்சாலையும் பஸ்ஸும் போதுமா?

2007 மார்ச்சில் மேம்பாலம், சுரங்கம் இரண்டையும் மக்கள் முன் ஆலோசனை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். இரண்டையுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2009 ஜனவரியில் மாநில ஆளுநர், கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகத் தலைவர், நகர மேயர் மூவரும் சேர்ந்து, நகருக்கு அடியில் ஆழத்தில் துளையிடும் சுரங்கம் என்று அறிவித்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த வீடியோ வருகிறது. பலமான நிலநடுக்கம் வந்தால் மண் குழம்பாகி, கடல் தடுப்புச்சுவர் சரிந்து, வயடக்ட் இடிந்து விழும் காட்சியை மாநிலப் போக்குவரத்துத் துறை கணினியில் உருவாக்கி வைத்திருந்தது. அது 2009 அக்டோபர் கடைசியில் வெளியே வந்தது. மேயர் தேர்தலுக்குச் சில நாட்களே பாக்கி, சுரங்கம்தான் முக்கியப் பிரச்சினை. பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். "நேரம் பார்த்து விடுகிறார்கள்" என்ற பேச்சும் கிளம்பியது. ஆனால் தேர்தலில் வென்றவர், சுரங்கத்தை எதிர்த்துப் பிரசாரம் தொடங்கிய மைக் மெக்கின். சுரங்கத்துக்கு வாக்காளர்களின் ஆதரவு கிடைத்தது 2011 ஆகஸ்ட் வாக்கெடுப்பில்தான். வயடக்ட் 2019 ஜனவரியில் மூடப்பட்டது, பிப்ரவரி 4ல் சுரங்கச்சாலை திறந்தது.

அப்படி பயமுறுத்தும் வீடியோ காட்டுவது நியாயமா?

என் பார்வையில், அந்த வீடியோ சொன்ன விஷயம் தப்பில்லை. பாலம் ஆபத்தானது என்பது பொறியியல் உண்மை. ஆனால் அது ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னது: பழையதை வைத்திருக்கலாமா? சுரங்கமா தரைச்சாலையா என்ற அடுத்த கேள்விக்கு அதில் ஒரு வரியும் இல்லை. இடியும் காட்சியைப் பார்த்த சூட்டில் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதுபோல ஆகிவிடுகிறது பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

அப்புறம், அப்படி ஒரு காட்சி கையில் இருந்தால் அதைத் தயாரானபோதே வெளியிட்டுவிட வேண்டும். பெட்டியில் பூட்டி வைத்துத் தேர்தல் வாரத்தில் வெளிவந்தால், உண்மையே ஆனாலும் யாரும் நல்லபடியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டத்தில் காட்டும் படம் உண்மையைச் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேம்பாலத்தை 60 மீட்டர் உயரத்திலிருந்து காட்டினால் அது நளினமான ரிப்பன். அதைத் தினமும் பார்க்கப்போகிறவர் அதன் அடியில் டீக்கடை வைத்திருப்பவர். "என் வீட்டு வாசலில் நின்றால் எப்படித் தெரியும், அதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். 3டி மாடல் நிஜமாகவே இருந்தால் அந்த இடத்துக்குக் கேமராவை நகர்த்துவது சில நிமிட வேலை. முடியாது என்றால் மாடல் இல்லை, படம் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து லென்ஸ். வைட் ஆங்கிளில் எடுத்தால் தூரத்தில் இருப்பதெல்லாம் சிறுத்துவிடும். 200 மீட்டர் தள்ளி வரும் தூண் தீக்குச்சி ஆகிவிடும். பிரிட்டனில் நிலத்தோற்ற வல்லுநர்களின் அமைப்பு 2019ல் வெளியிட்ட வழிகாட்டி, முழு ஃப்ரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைத்தான் அடிப்படையாக வைக்கிறது. ஏ3 அளவில் அச்சடித்துக் கைநீட்டும் தூரத்தில் பார்க்க வேண்டிய படத்தை வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அளவில் பார்த்தால், எவ்வளவு நேர்மையாகச் செய்த படமும் பொய்யாகிவிடும்.

மூன்றாவது மரம். படத்தில் ரோட்டோரம் அடர்ந்த நிழல்மரம் நிற்கும். அது எத்தனையாவது வருட மரம்? பிரிட்டன் நெடுஞ்சாலை மதிப்பீட்டு முறையில் இதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது. ரோடு திறக்கும் ஆண்டின் குளிர்காலம், அதாவது இலை உதிர்ந்து, நட்ட கன்று கன்றாகவே இருக்கும் மோசமான நிலை ஒரு படம். பதினைந்தாவது ஆண்டின் கோடைகாலம் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். நம் ஊருக்குக் குளிர்காலம் பொருந்தாது. சித்திரை வெயிலில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கன்றோடு ஒரு படம் போடலாம்.

கடைசியாக, ரோட்டில் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆறு வழிச்சாலையில் நாலு கார், இரண்டு சைக்கிள், பலூன் பிடித்த ஒரு குழந்தை என்று இருந்தால் அது விளம்பரப் படம்.

போட்டோவில் பாலத்தைப் பொருத்துவதை எப்படித் துல்லியமாகச் செய்கிறார்கள்?

கேமராவை முக்காலியில் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே, நிறுத்துவார்கள். முக்காலி நிற்கும் புள்ளியை டிஜிபிஎஸ்ஸில் (சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமான கருவி) எடுப்பார்கள். பிறகு படத்துக்குள் தெளிவாகத் தெரியும் சில புள்ளிகளையும் சர்வே செய்வார்கள்: ஈபி கம்பத்தின் அடி, கட்டட மூலை, கோபுரக் கலசம், கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவர். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று புள்ளிகள் பரவியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே தூரத்தில் இருந்தால் கணக்கு ஆடும்.

கணினியில் அதே இடத்தில், அதே லென்ஸோடு ஒரு கேமராவை வைத்து, சர்வே புள்ளிகள் போட்டோவில் உள்ள கம்பத்தின் மேலும் மூலையின் மேலும் விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். விழுந்தால்தான் பாலத்தை உள்ளே கொண்டுவருவது. சூரியனையும் போட்டோ எடுத்த தேதி, நேரத்துக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் நிழல் ஒரு பக்கமும் பாலத்தின் நிழல் மறுபக்கமும் விழும். முன்னால் நிற்கும் தென்னையை வெட்டியெடுத்துப் பாலத்துக்கு முன்னால் வைப்பதுதான் எல்லாவற்றிலும் அலுப்பான வேலை.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சங்கதி. 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. யுடிஎம் என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் ஆயத்தொலைவு தரும் முறை. அந்தக் கோட்டுக்கு மேற்கே யுடிஎம் 43வது மண்டலம், கிழக்கே 44. கோடு தாண்டும் ரோட்டில் சர்வே ஒரு மண்டலத்திலும் டிசைன் இன்னொன்றிலும் வந்தால் பாலம் எங்கேயோ போய் நிற்கும்.

வீடியோவில் என் வீடும் கிணறும் தப்பித்திருக்கின்றன. நம்பலாமா?

நம்பாதீர்கள். வீடியோவுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அது தயாரான பிறகு அலைன்மென்ட் (ரோடு போகும் பாதை) நகர்ந்திருக்கலாம். பின்னணிக் கட்டடங்களை ஒப்புக்கு வைத்திருக்கலாம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால், 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவில் வரும் அறிவிக்கையில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க 3சி பிரிவு இடம் தருகிறது. எஃப்எம்பி (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள புல அளவீட்டு) வரைபடத்தின் மேல் அலைன்மென்ட்டைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பறக்கும் வீடியோவைவிட அந்த ஒரு தாள் உங்களுக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?

மாணவர்கள் முதலில் கேட்பது இதுதான், எனக்கு முக்கியமாகப் படாததும் இதுதான். ரோட்டை டிசைன் செய்ய சிவில் 3டி அல்லது ஓபன்ரோட்ஸ். சுற்றுப்புறத்தோடு சீக்கிரம் ஒரு மாடல் வேண்டுமானால் இன்ஃப்ராவொர்க்ஸ். பளபளப்பான காட்சிக்கு லூமியன், ட்வின்மோஷன், அன்ரியல் இன்ஜின். இலவசமாகப் பழக பிளெண்டர். ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு, டிசைன் மாறினால் காட்சியும் தானாக மாறும்படி வேலையைக் கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் மறுபடி செய்தால், மூன்றாவது திருத்தத்தில் படம் ஒன்றும் டிசைன் வேறொன்றும் ஆகிவிடும்.

ட்ரோன் பறக்கவிட்டால் எல்லாம் கிடைத்துவிடாதா?

இப்போது இருப்பது கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021லிருந்து தன் திட்டங்களில் மாதாமாதம் ட்ரோன் வீடியோ எடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஆகவே பல இடங்களில் பின்னணிக் காட்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் போட்டோவிலிருந்து செய்யும் தரை மாடல், சீமைக்கருவேலத்தின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். பாலத்தின் அடிப்பக்கம் தெரியாது. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைக்காமல் எடுத்தால் உயரம் மீட்டர் கணக்கில் பிசகலாம். பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அளப்பதற்கு முன் சரிபாருங்கள்.

அனிமேஷனில் ஓடும் வண்டிகள் நிஜக் கணக்கா?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல வீடியோக்களில் வண்டிகள் வெறும் அலங்காரம், மென்பொருள் தருகிற கார்கள் ஒரே சீராக ஓடும். விஸ்சிம் (போக்குவரத்தைக் கணிக்கும் மென்பொருள்) போன்ற சிமுலேஷனிலிருந்து வந்ததென்றால் அதற்குப் பின்னால் வண்டிக் கணக்கெடுப்பும், சிக்னல் நேரமும், ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பின்தொடர்கிறார்கள் என்ற சூத்திரமும் இருக்கும். அதிலும் நம் ஊருக்கு ஏற்ற மாற்றம் வேண்டும். ஜெர்மன் ஓட்டுநர்போலத் தடம் மாறாமல் போகும் மாடலை வைத்துக்கொண்டு, கிடைத்த சந்தில் பைக் முன்னேறும் சிக்னலைக் கணிக்க முடியாது. கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது எந்த ஆண்டின் எந்த நேரத்துப் போக்குவரத்து?

4டி என்பது என்ன?

3டி மாடலின் ஒவ்வொரு பாகத்தையும் வேலை அட்டவணையோடு கட்டிவிடுவது. தேதியை நகர்த்தினால் தூண் எழும், கர்டர் (தளத்தைத் தாங்கும் விட்டம்) ஏறும், வண்டிகள் மாற்றுப்பாதைக்குப் போகும். கிரேன் நிற்கும் இடமும் டைவர்ஷன் ரோடும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தைக் கேட்கின்றனவா என்பது அப்போது தெரியும். 2007ல் சான் ஃபிரான்சிஸ்கோ – ஓக்லண்ட் பே பிரிட்ஜில், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் ஒரு நீண்ட வார விடுமுறையில் பாலத்தை மூடி, சுமார் 6,500 டன் எடையுள்ள தளப்பகுதியைப் பழையதன் இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். அப்படி மணிக்கணக்கில் திட்டமிடும் வேலைக்கு இது பொருத்தம். கடைக்காரர்களுக்கும் இதுதான் வேண்டும். பாலம் முடிந்த பின் எப்படி இருக்கும் என்பதைவிட, தீபாவளி சமயத்தில் கடை முன்னால் தகரம் அடித்திருக்குமா என்பதே அவர்கள் கவலை.

விஆர் கண்ணாடி (மாட்டிக்கொண்டால் மாடலுக்குள் நிற்பதுபோலக் காட்டுவது)?

டிசைன் குழுவுக்குள் நல்லது. பொதுக்கூட்டத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், சிலருக்குத் தலைசுற்றும். பெரிய திரையே போதும்.

எந்தக் கட்டத்தில் காட்சி செய்யத் தொடங்க வேண்டும்?

அலைன்மென்ட் இன்னும் இரண்டு மூன்று தேர்வாக இருக்கும்போதே. ஆனால் அப்போது படம் கரடுமுரடாகவே இருக்கட்டும்: சாம்பல் நிறப் பாலம், மரத்துக்குப் பதில் உருண்டை. புல் ஒவ்வொன்றும் தெரியும் படத்தைக் காட்டினால் "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க" என்று ஊர் நினைக்கும். நினைப்பதில் நியாயமும் இருக்கிறது, அவ்வளவு செலவு செய்த படத்தை மாற்ற எந்த அதிகாரிக்கும் மனசு வராது. என்னைக் கேட்டால், ஒரு காட்சியின் வெற்றி அதைப் பார்த்து எத்தனை பேர் ஆட்சேபம் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது. டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) கையெழுத்தான பிறகு வரும் ஆட்சேபத்துக்கு நீதிமன்றம் போக வேண்டும், சாம்பல் மாடலில் வரும் ஆட்சேபத்துக்கு மவுஸ் போதும்.

சட்டம் இதைக் கேட்கிறதா?

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பெருநகரத் திட்டக் குழுக்கள் தங்கள் திட்டங்களை விளக்கக் காட்சி முறைகளைப் பயன்படுத்த வேண்டும் என்றது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் வரும் நெடுஞ்சாலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு உண்டு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், கூட்டம் முழுவதையும் வீடியோ பதிவு செய்வது என்று விதிகள் இருக்கின்றன. அந்தச் சுருக்கத்தோடு நாலு நேர்மையான படத்தையும் சேர்ப்பதற்கு எந்த விதியும் தடை இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எப்படிக் காட்டினால் எடுபடும்?

பகல் வெளிச்சத்தில் பந்தலுக்குள் புரொஜெக்டர் தெரியாது. முக்கியமான படங்களை ஃபிளெக்ஸில் பெரிதாக அடித்து, கூட்டம் தொடங்குமுன்பே வாசலில் வைத்துவிடுங்கள். படத்தில் "சங்கிலித் தொலைவு 42/600" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "மாரியம்மன் கோயில் ஸ்டாப்", "பெரிய ஏரி மதகு", "ரேஷன் கடை" என்று ஊர்க்காரர் சொல்லும் பெயரைப் போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டை எங்கே கடப்பார்கள், மாடு ஓட்டிப் போகிறவர் அண்டர்பாஸில் எங்கே இறங்குவார், மழை பெய்தால் அந்த அண்டர்பாஸில் தண்ணீர் எங்கே போகும்? கேள்விகள் இந்த மூன்றைச் சுற்றித்தான் வரும். பின்னணி இசையோடு ஓடும் ஐந்து நிமிட வீடியோவைவிட, நிறுத்தி, திருப்பி, கேட்ட இடத்துக்குப் போகக்கூடிய மாடலும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பது மேல்.

மாடலில் தெரியாதது என்ன?

சத்தம், தூசி, அதிர்வு. சத்தத்தை மட்டும் ஓரளவு கேட்கவைக்கலாம். பிரிட்டனின் எச்எஸ்2 ரயில் திட்டத்தில் 2011 கருத்துக்கேட்பின்போது, ரயில் போகும் ஒலியை உருவாக்கி மக்களுக்குக் கேட்கவைத்தார்கள். ரோட்டுக்கும் அதைச் செய்யலாம், செய்கிறவர்கள் குறைவு.

மண்ணுக்கு அடியில் இருப்பது இன்னொன்று. சியாட்டில் சுரங்கம் தோண்டிய "பெர்த்தா" இயந்திரம், 17.5 மீட்டர் விட்டம், 2013 டிசம்பரில் நின்றுபோனது. அதற்குக் கொஞ்சம் முன்னால் அது ஒரு பழைய இரும்புக் கிணற்றுக் குழாயில் மோதியிருந்தது. பழுதுக்கு அதுதான் காரணமா என்று நீதிமன்றம் வரை சண்டை போனது. இரண்டு ஆண்டுபோல வேலை நின்று, 2015ல் திறக்க நினைத்த சாலை 2019க்குத் தள்ளிப்போனது. மக்களுக்குக் காட்டிய காட்சிகளில் ஓட்டுநர் சுரங்கத்துக்குள் வழுக்கிக்கொண்டு போவார். மண்ணுக்குள் என்ன புதைந்து கிடக்கிறது என்று அவை காட்டவில்லை. காட்டுவதற்கான படமும் அது இல்லை.

படத்தில் காட்டியதும் கட்டி முடித்ததும் வேறு வேறாக இருந்தால் யாரைக் கேட்பது?

கேட்க வேண்டுமானால் முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் படம் வெளியிடும்போதே நான்கு விவரம் அதன் ஓரத்தில் இருக்க வேண்டும்: எந்தத் தேதியிட்ட டிசைன், கேமரா நின்ற இடத்தின் ஆயத்தொலைவு, எந்த லென்ஸ், மரங்களுக்கு என்ன வயது. கூட்டத்தில் படம் காட்டினால் இந்த விவரங்களோடு ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரோடு திறந்த பிறகு போனில் அந்த ஆயத்தொலைவைப் போட்டு, அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். இரண்டையும் சேர்த்து மனுவோடு இணைத்தால், "அது மாதிரிப் படம்தாங்க" என்று சொல்லி அனுப்பிவைப்பது கஷ்டம்.